சிறுநீரில் போகும் புரதமும் அதை விழுங்கும் செல்லும்

கேள்வி: எனக்கு வயது 34, எடை 64 கிலோ. சிவகாசியில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். சர்க்கரை கிடையாது, பி.பி. 118/76. மூன்று மாதங்களாகக் காலையில் முகம் வீங்கும், மாலையில் கால் வீங்கும், சிறுநீர் சோப்புத் தண்ணீராக நுரைக்கும். 24 மணி நேரச் சிறுநீரில் புரதம் 5.2 கிராம், ரத்தத்தில் ஆல்புமின் 2.3, கொலஸ்ட்ரால் 340, கிரியேட்டினின் 0.9. பயாப்சி செய்து எஃப்.எஸ்.ஜி.எஸ். (சிறுநீரக வடிமுடிச்சுகள் சிலவற்றில் ஆங்காங்கே தழும்பு விழும் நோய்) என்றார்கள். 21 வடிமுடிச்சுகளில் இரண்டில் தழும்பு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 'போடோசைட் பாதநீட்சிகள் பரவலாக மழுங்கியுள்ளன' என்று ரிப்போர்ட். ஸ்டீராய்டும், டெல்மிசார்ட்டனும், கொலஸ்ட்ரால் மாத்திரையும் தந்திருக்கிறார்கள். சிறுநீரகச் சல்லடை கிழிந்துவிட்டால் ஒட்டவா முடியும்? இந்த போடோசைட்டே ஆல்புமினை விழுங்குகிறது என்று இணையத்தில் படித்தேன். விழுங்கினால் சிறுநீரில் எப்படி வருகிறது? பி.பி. இல்லாத எனக்கு ஏன் பி.பி. மாத்திரை? அம்மா தினமும் ஆறு முட்டை வெள்ளைக்கரு தருகிறார். மைத்துனர் புரோட்டீன் பவுடர் வாங்கி வைத்திருக்கிறார். ஸ்டீராய்டில் முகம் உப்பிவிடும், நிறுத்திவிடு என்கிறார்கள். மாமன் மகளைத்தான் கட்டியிருக்கிறேன். ஆறு வயது மகனுக்கும் இது வருமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ரிப்போர்ட்டைப் பக்கம் பக்கமாக அனுப்பியதற்கு நன்றி. பெரும்பாலோர் கடைசி வரியை மட்டும் எழுதி அனுப்புவார்கள். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

முதலில் அந்தச் சல்லடையைப் பார்த்துவிடுவோம். ஒரு சின்னக் கணக்கு போடலாம். நம் இரு சிறுநீரகங்களும் ஒரு நாளில் வடிக்கும் நீர் ஏறத்தாழ 180 லிட்டர். ஆரோக்கியமான ஒருவரின் ரத்த நீரில் லிட்டருக்கு 40 கிராம் ஆல்புமின் உண்டு. அப்படியென்றால் தினமும் ஏழு கிலோவுக்கும் மேற்பட்ட ஆல்புமின் அந்த நீரோடு சேர்ந்து வடிகட்டியின் வாசலுக்கு வந்து போகிறது. அதில் வடிகட்டியைத் தாண்டுவது, எலிகளின் சிறுநீரகத்தில் நுண்ணிய ஊசியால் நீரை உறிஞ்சி அளந்த கணக்குப்படி, மூன்று நான்கு கிராம்தான். அதையும் அடுத்து இருக்கும் நுண்குழாய்ச் செல்கள் மீட்டு எடுத்துக்கொள்கின்றன. கடைசியில் சிறுநீரில் 30 மில்லிகிராம்கூட வருவதில்லை.

இப்போது உங்கள் கணக்கு. ஆல்புமின் 2.3 என்றால் லிட்டருக்கு 23 கிராம். கிரியேட்டினின் 0.9 ஆக இருப்பதால் வடிப்பின் அளவு குறையவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு கிலோவுக்கு மேல் ஆல்புமின் வாசலுக்கு வருகிறது. வெளியே போவது ஐந்து கிராம். நுண்குழாய் மீட்டதையும் சேர்த்துக் கொண்டாலும், உங்கள் வடிகட்டி இன்றைக்கும் நூற்றில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் தடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கிழிந்த சல்லடையில் மாவு இப்படி நிற்காது. உங்களுக்கு நடந்திருப்பது வேறு.

வடிமுடிச்சு என்று நீங்கள் எழுதியிருக்கும் குளோமெருலஸ், நுண்ணிய ரத்தக்குழாய்களின் ஒரு முடிச்சு. ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் இருக்கும். இந்தக் குழாய்ச் சுவருக்கு மூன்று அடுக்கு. உள்ளே துளைகள் கொண்ட ரத்தக்குழாய்ச் செல்கள், நடுவில் செல் இல்லாத அடித்தளச் சவ்வு, வெளியே போடோசைட்டுகள். ஒவ்வொரு போடோசைட்டும் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் மெல்லிய பாதநீட்சிகளை இறக்கிக் குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. பக்கத்துச் செல்லின் நீட்சிக்கும் இதன் நீட்சிக்கும் நடுவே 40 நானோமீட்டர் அளவு இடுக்கு. அந்த இடுக்கைப் புரத இழைகளால் ஆன திரை ஒன்று மூடியிருக்கிறது.

அந்தத் திரையின் முக்கியமான இழை நெஃப்ரின். 1998இல் கார்ல் டிரிக்வாசனின் குழு இதைக் கண்டுபிடித்தது. தேடிப் போனது பின்லாந்தில் பிறவியிலேயே கடும் புரத ஒழுக்கோடு பிறக்கும் குழந்தைகளின் நோய்க்கான மரபணுவை. அதுவரை அடித்தளச் சவ்வுதான் வடிகட்டி, போடோசைட் அதைத் தாங்கும் சட்டம் என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். ஒரே ஒரு புரதம், அதுவும் போடோசைட் இடுக்கில் இருக்கும் புரதம், கெட்டுப்போனால் குழந்தை பிறப்பதற்கு முன்பே புரதத்தை இழக்கத் தொடங்குகிறது என்று தெரிந்தபின் அந்தப் பேச்சு மாறிவிட்டது. 2000இல் அந்த இடுக்கிலேயே இருக்கும் போடோசின் என்ற இன்னொரு புரதம் தெரியவந்தது. பிறகு வரிசையாக இன்னும் பல.

சரி, பாதநீட்சி 'மழுங்கியது' என்றால்? நீட்சிகள் சுருங்கிப் பரந்து ஒன்றோடொன்று சேர்ந்து குழாய்ச்சுவரில் தட்டையாகப் படிந்துவிட்டன என்று பொருள். இதைக் கேட்டதும் ஒரு சந்தேகம் வரவேண்டும்: இடுக்குகள் அடைபட்டால் ஒழுக்கு குறையத்தானே வேண்டும், ஏன் கூடுகிறது? எனக்கும் மாணவனாக இருந்தபோது யாரும் இதற்குத் திருப்தியான பதில் சொல்லவில்லை. 2020இல் ஜெர்மனியின் கொலோன் குழு எலிகளில் செய்த வேலை ஒரு நல்ல விளக்கம் தருகிறது. ரத்த அழுத்தம் அடித்தளச் சவ்வை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. வெளியிலிருந்து பாதநீட்சிகள் எதிர்த்து அழுத்துகின்றன. இரண்டுக்கும் நடுவில் நெருக்கப்படும் சவ்வு இறுகி, ஆல்புமின் நுழைய இடமில்லாமல் போகிறது. நீட்சிகள் பிடியைத் தளர்த்தினால் சவ்வின் இறுக்கம் குறைகிறது, ஆல்புமின் கசிகிறது. இதுதான் முழு உண்மை என்று இத்துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன்; மின்னேற்றத்தை வைத்து விளக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எந்த விளக்கத்திலும் ஓட்டை என்று ஒன்று இல்லை. பிடி தளர்ந்திருக்கிறது. தளர்ந்த பிடி மீண்டும் இறுகும். எஃப்.எஸ்.ஜி.எஸ்.ஸுக்கு நெருங்கிய உறவான, சாதாரண நுண்ணோக்கியில் மாற்றமே தெரியாத மினிமல் சேஞ்ச் நோயில், ஏறத்தாழ எல்லாப் பாதநீட்சிகளும் மழுங்கிப்போன பிறகும், ஸ்டீராய்டு பலன் தந்தவர்களுக்குச் சில வாரங்களில் பழைய வடிவம் திரும்பிவிடுகிறது.

இனி விழுங்கும் கதை. நீங்கள் படித்தது சரிதான், அரைகுறையாக எழுதியிருப்பார்கள்.

நாள் முழுக்க இவ்வளவு புரதம் வந்து மோதும் வடிகட்டி ஏன் அடைத்துக்கொள்வதில்லை என்று யோசியுங்கள். எந்த ஆலையின் வடிகட்டியையும் வாரத்துக்கொரு முறையாவது கழற்றிக் கழுவ வேண்டும். இது எழுபது எண்பது வருடம் கழற்றாமல் ஓடுகிறது. துப்புரவு வேலையின் ஒரு பங்கைப் போடோசைட் செய்கிறது. 2008இல் வந்த ஓர் ஆய்வில், எஃப்.சி.ஆர்.என். என்ற ஏற்பி இல்லாத எலிகளின் அடித்தளச் சவ்வில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருள் புரதம் தேங்கிக் கிடந்தது. போடோசைட்டில் இருக்கும் இந்த ஏற்பிதான் சவ்வில் மாட்டிக்கொண்ட புரதத்தைப் பிடித்து உள்ளே இழுத்து அப்புறப்படுத்துகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது.

ஆல்புமினும் இப்படி உள்ளே போகிறது. செல்லின் மேற்சவ்வு உட்குழிந்து, ஆல்புமினை ஒரு நுண்பையில் அடைத்து உள்ளே எடுத்துக்கொள்ளும். அதன்பின் அந்தப் பைக்கு இரண்டு வழி. ஒன்று, செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குப் போய் அங்கே நொதிகளால் சிதைக்கப்பட்டு அமினோ அமிலங்களாகிவிடும். இன்னொன்று, செல்லைக் குறுக்கே கடந்து மறுபக்கம், அதாவது சிறுநீர்ப் பக்கம், கொட்டப்படும். உங்கள் 'விழுங்கினால் எப்படிச் சிறுநீரில் வருகிறது' என்ற கேள்விக்கு இந்த இரண்டாவது வழிதான் பதிலின் ஒரு பகுதி. ஒரு பகுதி என்று அழுத்திச் சொல்கிறேன். உங்களைப் போல ஐந்து கிராம் போகிறவர்களுக்கு அதில் பெரும்பங்கு, பிடி தளர்ந்த சுவர் வழியாகவே நேராக ஒழுகுகிறது என்பதுதான் என் கணிப்பு. இத்துறையில் பெரும்பாலோர் கருத்தும் அதுவே. செல் வழியாகக் கடப்பது சின்னப் பாதை.

சின்னப் பாதையானாலும் அதில்தான் சிக்கல். ஆரோக்கியத்தில் போடோசைட்டுக்கு வரும் ஆல்புமின் கொஞ்சம், அது சமாளித்துவிடும். ஒழுக்கு கூடியதும் சுமை பல மடங்காகிறது. லைசோசோம்கள் திணறுகின்றன. ஆய்வகத்தில் போடோசைட்டுகளை அதிக ஆல்புமினில் வைத்துப் பார்த்தால், உள்ளே புரதம் மடிக்கும் இடத்தில் நெருக்கடி உண்டாகிறது, அழற்சிச் சமிக்ஞைகள் கிளம்புகின்றன, நீட்சிகளைத் தாங்கும் ஆக்டின் இழைகள் குலைகின்றன, சில செல்கள் சாகின்றன. ஆல்புமின் தன்னோடு கொழுப்பு அமிலங்களையும் சுமந்து வருவதால் அதுவும் செல்லுக்குத் தொல்லை. ஒழுக்கினால் செல் நலிகிறது, செல் நலிவதால் ஒழுக்கு கூடுகிறது. நுண்குழாய்ச் செல்களுக்கும் இதே கதி: மெகலின், கூபிலின் என்ற ஏற்பிகளால் ஆல்புமினை மீட்கும் அவை, அளவுக்கு மீறி விழுங்கும்போது அழற்சியைத் தூண்டிச் சுற்றிலும் நார்த்தழும்பு விழ வழி செய்கின்றன.

நலிந்த போடோசைட் குழாயை விட்டுக் கழன்றால் சிறுநீரில் போய்விடும். தோலிலும் குடலிலும் போன செல்லுக்குப் பதில் புதுசு பிறக்கும். வளர்ந்த மனிதரின் போடோசைட் பிரிந்து பெருகுவதில்லை. போன இடத்தைப் பக்கத்துச் செல் அகன்று மூடப் பார்க்கும், ஓரளவுக்குத்தான் முடியும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2005இல் எலிகளில் போடோசைட்டுகளை மட்டும் அளந்து அளந்து அழித்துப் பார்த்தார்கள். 20 சதவீதத்துக்குள் போனால் வடிமுடிச்சு சமாளித்தது. 20க்கும் 40க்கும் இடையில் ஒட்டுதலும் ஆங்காங்கே தழும்பும். 40ஐத் தாண்டினால் முடிச்சு தழும்பாகி ஒழுக்கு நிற்காமல் தொடர்ந்தது. உங்கள் பயாப்சியில் இரண்டு முடிச்சுகளில் தழும்பு என்பதன் பின்னணி இதுதான்: அங்கே செல்கள் நிறையக் கழன்றுவிட்டன. அந்த இரண்டு திரும்பாது. மீதி 19இல் செல்கள் இருக்கின்றன, பிடி மட்டும் தளர்ந்திருக்கிறது. வைத்தியம் முழுக்க அந்த 19க்காக.

அதனால்தான் டெல்மிசார்ட்டன். உங்கள் கைப்பட்டையில் தெரியும் பி.பி.க்காக அதைத் தரவில்லை. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன், வடிமுடிச்சிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயை இறுக்கி முடிச்சுக்குள் அழுத்தத்தை ஏற்றுகிறது. மாத்திரை அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது. அதோடு இன்னொரு வேலையும் உண்டு. ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் குழு 2016இல், உயிருள்ள எலியின் சிறுநீரகத்தையே லேசர் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஆஞ்சியோடென்சின் செலுத்தியதும் போடோசைட்டுகள் ஆல்புமினை அதிகமாக விழுங்கி மறுபக்கம் கொட்டுவதைப் படம் பிடித்தது. நாம் வெகுகாலமாகப் புரதத்தைக் குறைக்கத் தரும் மருந்து, செல்லின் விழுங்கும் வேலையையும் தொடுகிறது என்பதற்கு இது ஒரு தடயம். மனிதரில் இது எவ்வளவு கணக்கில் வரும் என்று நான் அளந்து சொல்லப் போவதில்லை. மாத்திரையின் பலன் மட்டும் உறுதி. தொடங்கி இரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பாருங்கள். கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம்; முன்பிருந்ததைவிட 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக மாத்திரையை நிறுத்துவதில்லை. உங்கள் பி.பி. ஏற்கனவே இயல்பான அளவுதான், மாத்திரையில் அது இறங்கலாம்; அதனால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் சொல்லுங்கள். வாந்தி பேதி வந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அந்த நாட்களுக்கு நிறுத்தி வையுங்கள்.

கொலஸ்ட்ரால் மாத்திரை எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆல்புமின் குறைந்ததும் கல்லீரல் கொழுப்புப் புரதங்களையும் சேர்த்து அள்ளி உற்பத்தி செய்கிறது. 340க்குக் காரணம் நீங்கள் தின்ற பரோட்டா இல்லை. ஸ்டாட்டின் என்ற இந்தக் கொலஸ்ட்ரால் மருந்து, போடோசைட் ஆல்புமினை விழுங்குவதைக் குறைக்கிறது என்று 2007இல் ஓர் ஆய்வகக் கட்டுரை வந்தது. அது வளர்ப்புத் தட்டில் நடந்தது. அதை நம்பி யாரும் ஸ்டாட்டின் எழுதுவதில்லை. உங்களுக்குத் தந்தது இதயத்துக்காக.

சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசினும் சர்க்கரை இல்லாதவர்களின் சிறுநீரகத்தைக் காக்கும் என்று 2020இல் நிரூபணமானது. அந்த ஆய்வில், சிறுநீரக நோய்க்காக நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தில் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. ஸ்டீராய்டு காலம் முடிந்து, இன்னும் புரதம் போனால் அப்போது கேட்டுப் பாருங்கள். இப்போதே வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

ஸ்டீராய்டு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். முகம் உப்பும், பசி எடுக்கும், தூக்கம் கெடும், சர்க்கரை ஏறலாம். எல்லாம் உண்மை. ஆனால் பெரியவர்களின் எஃப்.எஸ்.ஜி.எஸ்.ஸில் இது மெதுவாகத்தான் வேலை செய்யும். முழு அளவை 16 வாரம் வரைகூடத் தந்து பார்ப்போம். மூன்றாவது வாரம் கண்ணாடியைப் பார்த்துப் பயந்து நிறுத்தினால், பக்கவிளைவு மட்டும் உங்களுக்கு மிச்சம். திடீரென்று நிறுத்தினால் அட்ரீனல் சுரப்பி கைவிட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஸ்டீராய்டு கேட்கவில்லையென்றால் சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் உண்டு. சைக்ளோஸ்போரின் நோயெதிர்ப்பை அடக்குவதோடு, போடோசைட்டின் ஆக்டின் சட்டத்தை நேரடியாகவும் நிலைநிறுத்துகிறது என்று 2008இல் காட்டினார்கள். நெஃப்ரினையே உடல் எதிரியாக நினைத்து எதிர்ப்பொருள் உண்டாக்குவது மினிமல் சேஞ்ச் நோயாளிகள் பலரிடமும், எஃப்.எஸ்.ஜி.எஸ். நோயாளிகள் சிலரிடமும் 2024இல் உறுதியானது. அந்தப் பரிசோதனை பரவலாகக் கிடைக்கும்போது, யாருக்கு ஸ்டீராய்டு கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்ல உதவும் என்று நம்புகிறேன்.

முட்டைக்கு வருவோம். அம்மாவின் கணக்கு இயல்பானது: போவதை ஈடுகட்ட வேண்டும். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். 1986இல், உங்களைப் போலச் சிறுநீரில் நிறையப் புரதம் இழக்கும் நெஃப்ராட்டிக் நோயாளிகளுக்கு அதிகப் புரத உணவு கொடுத்துப் பார்த்தார்கள். கல்லீரல் கூடுதலாக ஆல்புமின் செய்தது. சிறுநீரிலும் கூடுதலாகப் போனது. ரத்தத்தில் அளவு உயரவில்லை. மேலே சொன்ன சுமை செல்களுக்குக் கூடியதுதான் மிச்சம். உங்களுக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம், அதோடு சிறுநீரில் போகும் 5 கிராம்: மொத்தம் 56 முதல் 69 கிராம். இரண்டு வேளை சாம்பார், ஒரு டம்ளர் தயிர் அல்லது பால், ஒரு முட்டை, வாரத்தில் சில நாள் மீன் என்று நம் சாதாரணச் சாப்பாட்டிலேயே இதை எட்டிவிடலாம். ஆறு வெள்ளைக்கருவை ஒன்றிரண்டாக்குங்கள். பவுடர் டப்பாவை மைத்துனரே குடித்து முடிக்கட்டும்.

அதைவிட உப்பைக் கவனியுங்கள். நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கடைச் சேவு ஆகியவற்றை ஒதுக்குங்கள். வீக்கம் வடிவது ஒருபுறம். உப்பு கூடினால் டெல்மிசார்ட்டனின் புரதம் குறைக்கும் ஆற்றலே மங்கிவிடும். இந்துப்பும் உப்புதான்.

கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை வேண்டாம். யாராவது பஸ்பம், செந்தூரம் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். பாதரசம் கலந்த நாட்டு மருந்துக்கும் புரத ஒழுக்குள்ள இன்னொரு சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பைச் சென்னையிலிருந்தே 2022இல் எழுதியிருக்கிறார்கள். ஆல்புமின் 2.5க்குக் கீழே இருக்கும்வரை ரத்தம் உறைந்து அடைக்கும் ஆபத்து உண்டு: ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சலோடு வயிறு வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த முறை பார்க்கப் போகும்போது நுரையைப் பற்றிச் சொல்லாதீர்கள், எண்ணைக் காட்டுங்கள். ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் கேனில் பிடிக்க வேண்டியதில்லை. காலை முதல் சிறுநீரில் புரதம்–கிரியேட்டினின் விகிதம் போதும்.

கடைசியாக மகன். போடோசின் மரபணுக் கோளாறு பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோயாகும். அதனால் நெருங்கிய சொந்தத்தில் கட்டியவர்களின் குழந்தைகளிடம் கொஞ்சம் அதிகம் பார்க்கிறோம். ஆனால் அது பெரும்பாலும் சின்ன வயதிலேயே தலைகாட்டும். 34 வயதில், வேறு யாருக்கும் இல்லாத வீட்டில், திடீரென வீக்கத்தோடு தொடங்கிய உங்கள் நோய் அந்த வகையாக இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டியவர்களா, குடும்பத்தில் யாராவது டயாலிசிஸ் செய்தார்களா என்பதை உங்கள் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கேட்காவிட்டால் மரபணுப் பரிசோதனை பற்றி அவரே பேசுவார். பையனுக்கு இப்போதைக்கு ஒரு டிப்ஸ்டிக் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, பி.பி.யும் பார்த்துவிடுங்கள். அதில் புரதம் இல்லையென்றால் அவனுக்கு வேறு எந்தப் பரிசோதனையும் வேண்டாம்.